பூமியில் பல்லுயிர் வளமும் பேரழிவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரினப் பேரழிவு என்று எதைச் சொல்கிறார்கள்?

நிலவியல் கணக்கில் குறுகிய காலத்துக்குள், உலகம் முழுக்க, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பலவகை உயிரினங்கள் சேர்ந்து அழிந்துபோவதைத்தான். ஒரு தீவில் ஒரு பறவை இனம் அற்றுப்போவது இதில் சேராது. ஒரு கடல் வற்றி அதிலிருந்த மீன்கள் அழிவதும் சேராது. இனங்களில் முக்கால் பங்கு போயிருக்க வேண்டும் என்பது இன்று பலரும் வைத்திருக்கும் அளவுகோல்.

அந்த அளவுக்கு ஐந்து முறை நடந்திருக்கிறது: ஆர்டோவிசியன் காலத்தின் முடிவில், அதாவது சுமார் 44.5 கோடி ஆண்டுகளுக்கு முன். டெவோனியன் காலத்தின் பிற்பகுதியில், 37.2 கோடி ஆண்டுகளுக்கு முன். பெர்மியன் முடிவில், 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன். ட்ரையாசிக் முடிவில், 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன்; கிரெட்டேசியஸ் முடிவில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்த ஐந்தையும் மற்ற அழிவுகளிலிருந்து எண்ணிக்கை வழியாகப் பிரித்துக் காட்டியவர்கள் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர்கள் டேவிட் ராப், ஜாக் செப்கோஸ்கி. அவர்களின் கட்டுரை வந்தது 1982-இல்.

இனங்கள் எப்போதும் அழிந்துகொண்டுதானே இருக்கின்றன?

ஆமாம். பூமியில் இதுவரை வாழ்ந்த இனங்களில் 99 சதவீதத்துக்கும் மேல் இன்று இல்லை. அவற்றில் பெரும்பாலானவை பேரழிவுகளில் போகவில்லை. அமைதியான காலங்களில் ஒவ்வொன்றாகத்தான் போயின. ஒரு பாலூட்டி இனம் சராசரியாகப் பத்து லட்சம் ஆண்டுகள் அளவில் வாழும். கடலில் வாழும் சிப்பி, சங்கு வகைகள் அதைவிட அதிக காலம் தாக்குப்பிடிக்கும். இப்படி வழக்கமாக நடக்கும் அழிவின் வேகத்தைப் பின்னணி வேகம் என்பார்கள். பழைய இனம் போகும் வேகமும் புதிய இனம் பிரியும் வேகமும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்வரை பல்லுயிர் வளம் குறையாது. பேரழிவில் இந்தச் சமநிலைதான் உடைகிறது. போவது பல மடங்கு வேகத்தில் போகிறது, புதிதாக வருவதோ அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது.

ஓர் இனம் அடியோடு அழியும் என்பதே முதலில் எப்போது தெரிந்தது?

1796-இல். பிரெஞ்சு உடற்கூறியலாளர் ஜார்ஜ் குவியே, ஆப்பிரிக்க யானை, ஆசிய யானை, மாமூத் ஆகியவற்றின் எலும்புகளையும் பற்களையும் ஒப்பிட்டு, மாமூத் தனி இனம், அது இப்போது உயிரோடு இல்லை என்று காட்டினார். அதற்கு முன்பெல்லாம் விசித்திரமான எலும்பு கிடைத்தால், அந்த விலங்கு உலகின் ஏதோ ஒரு மூலையில் இன்னும் திரிகிறது என்றே பலரும் நம்பினார்கள். யானை அளவுள்ள ஒரு மிருகம் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்க முடியாது என்பது குவியேயின் வாதத்துக்குப் பெரிய பலம்.

75 சதவீதம், 85 சதவீதம் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? யார் எண்ணிப் பார்த்தது?

நல்ல கேள்வி. இந்தச் சதவீதங்களைக் கேட்டதும் நம் மனதில் டைனோசரும் காடும் வந்து நிற்கின்றன. கணக்கோ பெரும்பாலும் கடலில் எடுத்தது. ஓடுள்ள கடல் உயிரினங்கள் செத்தால் சேற்றில் புதைந்து பாறையாகிவிடும்; காட்டில் செத்த உடல் அழுகி மண்ணாகிவிடும். அதனால் சிப்பிகள், சங்குகள், பவளங்கள், ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் கடல் உயிர்களின் மிகச் சிறிய ஓடுகள் ஆகியவைதான் நமக்குக் கிடைத்திருக்கும் நம்பகமான பதிவேடு. செப்கோஸ்கி ஆண்டுக்கணக்கில் நூலகங்களில் உட்கார்ந்து, உலகெங்கும் வெளியான ஆய்வுகளிலிருந்து ஒவ்வொரு கடல் உயிரினக் குடும்பமும் முதலில் எந்தப் பாறையில் தோன்றுகிறது, கடைசியாக எதில் காணப்படுகிறது என்று தொகுத்தார். பிறகு அதையே பேரினங்கள் (குடும்பத்துக்குள் அடங்கும், நெருங்கிய இனங்களின் தொகுப்புகள்) அளவுக்கும் விரித்தார். பேரழிவுகள் பற்றி இன்று நாம் பேசும் வரைபடங்களுக்கெல்லாம் அடித்தளம் அந்தப் பட்டியல்தான்.

இனங்களின் சதவீதம் நேரடியாக எண்ணியது அல்ல, குடும்பம், பேரினம் ஆகியவற்றின் இழப்பிலிருந்து கணித்தது. அதனால்தான் பெர்மியன் முடிவுக்கு ஒருவர் 96 சதவீதம் என்பார், இன்னொருவர் 81 என்பார். கணிக்கும் முறை மாறினால் எண்ணும் மாறும்.

அப்புறம் இன்னொரு சிக்கல் உண்டு. ஒருவரின் கடைசிப் புகைப்படம் எடுத்த நாள் அவர் இறந்த நாள் ஆகாது. அதேபோல ஓர் இனத்தின் கடைசிப் புதைபடிவம் கிடைத்த அடுக்கு அது அழிந்த அடுக்கு ஆகாது. அரிதான இனங்களின் கடைசி எச்சம் உண்மையான அழிவுக்கு வெகு முன்பே நின்றுவிடும். எல்லாம் ஒரே நாளில் அழிந்திருந்தாலும், பாறையில் பார்க்கும்போது மெல்ல மெல்லக் குறைந்து அழிந்ததுபோலத் தெரியும். ஃபிலிப் சிக்னோர், ஜெரி லிப்ஸ் இருவரும் 1982-இல் இதை எடுத்துக்காட்டியதால் இதற்கு சிக்னோர்–லிப்ஸ் விளைவு என்று பெயர். மறுபக்கம், அழிந்துவிட்டதாக நினைத்த உயிர் திரும்ப வருவதும் உண்டு. சீலகாந்த் மீன்கள் கிரெட்டேசியஸ் முடிவோடு போய்விட்டன என்றிருந்தார்கள். 1938-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் ஒன்று வலையில் சிக்கியது.

இத்தனை வகை உயிர்கள் முதலில் எப்படிப் பெருகின?

பூமியின் வரலாற்றில் பெரும்பகுதி நுண்ணுயிர்களின் காலம். விலங்குகளின் பெருக்கம் சுமார் 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கேம்பிரியன் காலத்தில் வேகம் பிடித்தது. கனடாவின் பர்ஜெஸ் ஷேல் பாறைகளில் சார்லஸ் வால்காட் 1909-இல் கண்டெடுத்த படிவங்களில் அந்தக் காலத்தை நேரில் பார்க்கலாம். ஒபபினியா என்ற ஒரு விலங்குக்கு ஐந்து கண்கள், முன்னால் துதிக்கைபோல ஒரு உறுப்பு, அதன் நுனியில் கவ்வும் கொடுக்கு! மென்மையான உடல்கூட அச்சாகப் பதிந்திருப்பதால்தான் இதெல்லாம் தெரிகிறது.

கேம்பிரியனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு அடுத்து வந்த ஆர்டோவிசியன் பெருக்கத்தை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. என் பார்வையில் அதுவும் அதற்குக் குறைந்தது இல்லை. கேம்பிரியனில் உடலமைப்பு வகைகள் தோன்றின. ஆர்டோவிசியனில் அந்த வகைகளுக்குள் குடும்பங்கள் பெருகி, கடல்வாழ் குடும்பங்களின் எண்ணிக்கை சுமார் மூன்று மடங்கானது. கடலடியில் உயரமாக வளர்ந்து நீரை வடிகட்டி உண்பவை, ஆழமாகத் துளைத்து வாழ்பவை, நீரில் மிதப்பவை என்று வாழும் இடங்களே புதிதாக உருவாயின.

முதல் இரண்டு பேரழிவுகளில் என்ன நடந்தது?

ஆர்டோவிசியன் முடிவில் கோண்ட்வானா பெருங்கண்டத்தின் மேல் பனிப்பாறைகள் வளர்ந்தன. இன்றைய சகாரா அப்போது தென்துருவத்தின் அருகே இருந்தது. பனிப்பாறை உரசிய கீறல்கள் அங்குள்ள பாறைகளில் இன்றும் இருக்கின்றன. கடல்நீர் பனியாக உறைந்ததால் கடல் மட்டம் இறங்கி, உயிர்கள் நிறைந்திருந்த ஆழமற்ற கடல்கள் வற்றின. பிறகு பனி உருகியபோது இரண்டாவது அடி விழுந்தது. இனங்களில் சுமார் 85 சதவீதம் போயிற்று.

டெவோனியன் அழிவு ஒரே அடியாக விழவில்லை. பல அலைகளாக வந்தது. கடலடியில் ஆக்சிஜன் வற்றியதற்குச் சாட்சியாகக் கருநிற ஷேல் பாறைகள் பல இடங்களில் கிடக்கின்றன. அன்றைய பெரும் பவளத்திட்டுகள் சரிந்தன. அந்தக் காலத்தின் கடைசி அலையில் டங்க்கிலியாஸ்டியஸ் போன்ற கவச மீன்கள் மறைந்தன. நிலத்தில் புதிதாகப் பரவிய மரங்களின் வேர்கள் பாறையை உடைத்து, அந்தச் சத்துகள் கடலில் கலந்து பாசியைப் பெருக்கியதும் ஒரு காரணம் என்ற கருத்து உண்டு.

மிக மோசமானது எது?

சந்தேகமே இல்லை, பெர்மியன் முடிவு. அழிவு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சீனாவின் ஜெஜியாங் மாநிலத்தில் மெய்ஷான் என்ற இடத்தில் ஒரு பழைய கல் குவாரி இருக்கிறது. பெர்மியன் முடிந்து ட்ரையாசிக் தொடங்கும் எல்லைக்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட அடையாள இடம் அதுதான். கீழே இருக்கும் சுண்ணாம்புக்கல்லில் உயிர்களின் எச்சங்கள் ஏராளம். அதற்கு மேல் சில சென்டிமீட்டர் தடிமனில் வெளிறிய களிமண் அடுக்கு: எரிமலைச் சாம்பல் படிந்து களிமண்ணானது. அதிலிருந்து மேலே போகப் போக எச்சங்கள் சடாரென்று குறைந்துவிடுகின்றன. சாம்பலில் சிர்கான் என்ற மணல்மணி அளவுப் படிகங்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்தால் அடுக்கின் வயது கிடைக்கும். 2014-இல் வெளியான அளவீட்டின்படி, அங்கே அழிவு நடந்து முடிய ஆன காலம் சுமார் 60,000 ஆண்டுகள். நமக்கு அது நீண்ட காலம்தான். ஆனால் கடல் வேதியியல் தன்னைச் சரிசெய்துகொள்ளவும் இனங்கள் பரிணமித்து ஈடுகொடுக்கவும் அது போதவே போதாது.

காரணம் சைபீரியாவில் இருந்தது. அங்கே பல லட்சம் சதுர கிலோமீட்டருக்கு எரிமலைக் குழம்பு வெளியேறியது. மேலே வழிந்த குழம்பைவிட, மேலே வராமல் நிலத்தடியில் பக்கவாட்டில் பரவிய குழம்புதான் அதிகம் கெடுத்தது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது நிலக்கரி, சுண்ணாம்புக்கல், உப்புப் படிவுகளுக்குள் நுழைந்து அவற்றைச் சுட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகள் பூட்டியிருந்த கார்பன் எல்லாம் கார்பன் டை ஆக்சைடாகவும் மீத்தேனாகவும் காற்றில் கலந்தது.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாமே கூடின. பூமி சூடானது. கானோடான்ட் என்ற சிறு கடல் விலங்கின் பற்களில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடை வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களை) அளந்ததில், ட்ரையாசிக் தொடக்கத்தில் நிலநடுக்கோட்டுக் கடலின் மேற்பரப்பு சில சமயம் 40 டிகிரி செல்சியஸை நெருங்கியது தெரிகிறது. வெந்நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். அதே சூட்டில் மீனுக்கும் நண்டுக்கும் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. கார்பன் டை ஆக்சைடு கரைந்து கடல் அமிலத்தன்மை பெற்றது. சுண்ணாம்பு ஓட்டைக் கட்டும் திறன் உள்ளவற்றில், உடலின் அமில அளவைத் தானே சமாளிக்கத் தெரியாத உயிர்கள்தான் அதிகம் அழிந்தன. இது தற்செயல் இல்லை, காரணத்தையே காட்டிக்கொடுக்கும் கைரேகை.

ட்ரைலோபைட்டுகள் என்ற ஓடுள்ள பழங்காலக் கடல் கணுக்காலிகள் அத்தோடு முடிந்தன. பழைய பவள வகைகள் இரண்டும் முடிந்தன. பூச்சிகள்கூடப் பலத்த அடி வாங்கின. நிலத்தில் காடுகள் சரிந்ததால், அடுத்த சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு உலகில் எங்கும் நிலக்கரி உருவாகவே இல்லை.

அப்படியானால் யார் பிழைத்தார்கள்?

லிஸ்ட்ரோசாரஸ் என்று ஒன்று. பன்றி அளவில் இருந்த, கொம்பு அலகும் இரண்டு கோரைப் பற்களும் கொண்ட தாவர உண்ணி; பாலூட்டிகளின் தூரத்து உறவு. ட்ரையாசிக் தொடக்கத்துப் படிவுகள் சிலவற்றில் கிடைக்கும் விலங்கு எலும்புகளில் பெரும்பகுதி இதனுடையதே. தென்னாப்பிரிக்கா, இந்தியா, அண்டார்டிகா மூன்றிலும் கிடைத்தது. கண்டங்கள் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்பதற்கு இது ஒரு நேரடிச் சான்று. எண்ணிக்கையில் உயிர்கள் நிறைய இருக்கலாம், வகை குறைந்திருக்கலாம். ஒரே விலங்கு எங்கும் நிறைந்திருப்பது நலமான உலகின் அடையாளம் அல்ல.

ட்ரையாசிக் முடிவில்?

பாஞ்சியா என்ற பெருங்கண்டம் பிளக்கத் தொடங்கி, அட்லாண்டிக் திறக்கும் இடத்தில் பிரம்மாண்டமான எரிமலைப் பெருக்கு. அதே கதை: கார்பன், சூடு, அமிலக் கடல். முதலைகளின் உறவுகளாகப் பல வடிவங்களில் நிலத்தை ஆண்டவை பெரும்பாலும் மறைந்தன. டைனோசர்களுக்கு இடம் கிடைத்தது.

டைனோசர்களை அழித்தது விண்கல்லா, தக்காண எரிமலைகளா?

விண்கல்தான் முதன்மைக் காரணம் என்பதில் இன்று பெரும்பாலானோர் உடன்படுகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

இத்தாலியில் குபியோ என்ற ஊரின் அருகே, சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் அளவிலான களிமண் கோடு ஓடுகிறது. அதற்குக் கீழே பெரிய ஃபோராமினிஃபெராக்கள் பலவகை. மேலே சிறியவை ஒன்றிரண்டு வகை மட்டும். வால்டர் ஆல்வரெஸ் என்ற நிலவியலாளர் அந்தக் களிமண் படிய எவ்வளவு காலம் ஆனது என்று அறிய விரும்பினார். அவரின் தந்தை, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வரெஸ், அதில் இரிடியத்தை அளக்கச் சொன்னார். பூமியின் மேலோட்டில் இரிடியம் மிக அரிது. விண்ணிலிருந்து விழும் தூசி வழியாகச் சீராகச் சேரும் என்பது கணக்கு. ஃபிராங்க் அசாரோ, ஹெலன் மிஷல் இருவரும் அளந்தபோது சுமார் 30 மடங்கு கூடுதலாக இருந்தது. 1980-இல் நால்வரும் சேர்ந்து, சுமார் 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள சிறுகோள் மோதியது என்று அறிவித்தார்கள்.

மோதிய பள்ளம் எங்கே என்ற கேள்விக்கு 1991-இல் விடை உறுதியானது: மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் புதைந்து கிடக்கும் சிக்சுலுப் பள்ளம், சுமார் 180 கிலோமீட்டர் அகலம். எண்ணெய் தேடிய நிலவியலாளர்கள் பத்தாண்டுகளுக்கு முன்பே அதைக் கவனித்திருந்தார்கள். விழுந்த இடத்தில் கந்தகம் நிறைந்த ஜிப்சம் பாறை இருந்தது கூடுதல் துரதிர்ஷ்டம். கந்தகத் துகள்களும் தூசியும் புகைக்கரியும் சூரிய ஒளியை மறைத்து, உணவுச் சங்கிலியின் அடியையே வெட்டின.

அமெரிக்காவின் வட டகோட்டாவில் டானிஸ் என்ற இடத்தில் புதைந்த மீன்களின் செவுள்களில், மோதலில் தெறித்து உருகிய கண்ணாடி மணிகள் சிக்கியிருக்கின்றன. அந்த மீன்களின் எலும்பு வளர்ச்சிக் கோடுகளைப் பார்த்து, வட அரைக்கோளத்தில் அப்போது வசந்த காலம் என்று 2022-இல் சொன்னார்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நிகழ்வின் பருவம்கூடத் தெரிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

தக்காண எரிமலைப் பெருக்கு உண்மைதான். இன்று எஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆனால் அது மோதலுக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் முன்பே தொடங்கி, அதற்குப் பிறகும் லட்சக்கணக்கான ஆண்டுகள் நீடித்தது. அழிவோ அந்தக் களிமண் கோட்டில் வெட்டினாற்போல நிற்கிறது.

சிலது பிழைத்ததும் சிலது போனதும் வெறும் அதிர்ஷ்டமா?

பாதி அதிர்ஷ்டம், பாதி வாழ்க்கைமுறை. சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகள் 30 கோடி ஆண்டுகளுக்கும் மேல் கடலில் வாழ்ந்து, முந்தைய மூன்று பேரழிவுகளைத் தாண்டியவை, இதில் போயின. அவற்றைப்போலவே சுருள் ஓடு கொண்ட, தூரத்து உறவான நாட்டிலஸ் பிழைத்தது. அம்மோனைட் குஞ்சுகள் மிகச் சிறியவை, மேற்பரப்பில் மிதவை உயிர்களோடு வாழ்ந்தவை. நாட்டிலஸ் பெரிய முட்டைகளை ஆழத்தில் இடும். மேற்பரப்பு செத்தபோது ஆழம் காப்பாற்றியது என்பது ஏற்கத்தக்க விளக்கம். நிலத்தில் பெரிய உடல் ஆபத்தானது. நன்னீர், விதை, மக்கிய இலைகளை நம்பியவை தப்பின. டைனோசர்களில் ஒரு கிளை தப்பித்து இன்றும் பறக்கிறது: பறவைகள்.

2.6 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை அழிவு வரும் என்கிறார்களே?

ராப், செப்கோஸ்கி இருவரும் 1984-இல் அப்படி ஒரு சுழற்சியைச் சுட்டிக்காட்டினார்கள். சூரியனுக்கு மறைந்த துணை நட்சத்திரம் ஒன்று இருக்கலாம் என்றுகூட ஊகம் கிளம்பியது. வானை அகச்சிவப்பில் தேடியும் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. நான் இதை நம்பி நாள் குறிக்கச் சொல்லமாட்டேன்.

மீண்டு வர எவ்வளவு காலம் ஆகும்?

பெர்மியனுக்குப் பிறகு 50 லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டுகள். இன்றைய பவளங்களின் முன்னோர்கள் தோன்றியதே அந்த இடைவெளிக்கு அப்புறம்தான். மற்ற அழிவுகளுக்குப் பிறகும் பல லட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது. மீள்வது என்றால் போனவை திரும்புவதும் அல்ல, வேறு உயிர்கள் அந்த இடத்தை நிரப்புவது. ‘அழிவு நடந்ததால்தானே மனிதன் வந்தான், அது நல்லதுதானே’ என்று கேட்பவர்கள் இந்தக் கால அளவைக் கவனிக்க வேண்டும். அந்தப் பலன் அழிவின் நடுவே வாழ்ந்தவர் யாருக்கும் கிடைக்கவில்லை.

நாம் ஆறாவது பேரழிவுக்குள் இருக்கிறோமா?

இன்னும் இல்லை. ஆனால் அதை நோக்கிப் போகும் வேகத்தில் இருக்கிறோம்.

1500-ஆம் ஆண்டுக்குப் பிறகு அழிந்ததாகப் பதிவான இனங்கள் சுமார் 900. முக்கால் பங்கு என்ற அளவுகோலுக்கு இது கிட்டவே வராது. வேகத்தைப் பாருங்கள்: 2015-இல் வந்த ஒரு கணக்கின்படி, பின்னணி வேகத்தில் 1900-க்குப் பிறகு 9 முதுகெலும்பி இனங்கள் போயிருக்க வேண்டும், போனவை 477. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ஆபத்தில் உள்ளவை 47,000-க்கும் மேல். தவளை, தேரை போன்ற நீர்நில வாழ்வனவற்றில் 41 சதவீதம். ஆபத்தில் உள்ள முதுகெலும்பிகள் எல்லாம் ஒரு நூற்றாண்டுக்குள் போய், அதே வேகம் நீடித்தால், சில நூற்றாண்டுகளில் 75 சதவீதத்தைத் தொட்டுவிடும் என்று ஆன்டனி பார்னோஸ்கி குழு 2011-இல் கணித்தது.

கார்பனிலும் இதே நிலைதான். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு திடீர் வெப்ப உயர்வு வந்து, ஆழ்கடல் ஃபோராமினிஃபெராக்களில் பாதிவரை அழிந்தன. இன்று நாம் கார்பனை வெளியிடும் வேகம் அப்போதையதைவிட சுமார் பத்து மடங்கு. ‘எரிமலைகளும்தானே விடுகின்றன’ என்று கேட்பவர்களுக்கு: இன்றைய எரிமலைகள் எல்லாம் சேர்ந்து விடுவது மனிதர் விடுவதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பூமி முன்பும் சூடாகியிருக்கிறது, உண்மைதான். கொன்றது சூட்டின் அளவு மட்டும் அல்ல, அது ஏறிய வேகம்.

விளிம்புக்குப் போன இனத்தை மீட்க முடியுமா?

முடியும். நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் கறுப்பு ராபின் பறவைகள் 1980-இல் ஐந்தே ஐந்து இருந்தன. முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பெட்டை ஒன்றே ஒன்று. அதன் முட்டைகளை எடுத்து வேறு பறவை இனத்தின் கூட்டில் வைத்தார்கள். முட்டையை இழந்த பெட்டை மறுபடி முட்டையிட்டது. இன்று 200-க்கும் மேல் இருக்கின்றன, எல்லாமே அந்த ஒரு பெட்டையின் வழிவந்தவை. காட்டில் 1972-இல் அற்றுப்போன அரேபிய ஓரிக்ஸ் மான், காப்பகங்களில் வளர்க்கப்பட்டு 1982-இல் ஓமானில் திரும்ப விடப்பட்டது.

முழுதாக அழிந்த பிறகு மீட்பது வேறு விஷயம். பைரனீஸ் மலையின் காட்டாட்டு வகை ஒன்றில் கடைசிப் பெட்டை 2000-இல் இறந்தது. அதன் உயிரணுவிலிருந்து 2003-இல் ஒரு குட்டியைப் பிறக்கவைத்தார்கள். நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களில் இறந்தது. அது பிழைத்திருந்தாலும் அதற்கு இணை கிடைத்திருக்காது.